விக்கிரமாதித்தன் சபையில் ஒன்பது நாற்காலி

(சங்கரன்கோவிலில் தொலைக்காட்சிக்காகப் பதிவான பட்டிமன்றம். தலைப்பு: ‘மன்னர் வரலாற்றை உள்ளபடி சொல்வது ஏடா, கல்லா?’ ‘கல்லே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்.)

நடுவர் அவர்களே, ஓலைச்சுவடியைத் தலையிலே தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து காத்திருக்கிற சங்கரன்கோவில் பெரியவர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசின சகோதரி ஒரு போடு போட்டாங்க. “விக்கிரமாதித்தன் சபையிலே காளிதாசர், வராகமிகிரர், தன்வந்திரின்னு ஒன்பது ரத்தினங்கள் இருந்தாங்க. இதை எந்தக் கல்வெட்டாவது சொல்லுதா? ஏடுதானே சொல்லுது!” அப்படீன்னாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் தெரியுமா? அந்த ஒன்பது பேரையும் இருபத்தெட்டு வருஷம் கரும்பலகையிலே எழுதிப் போட்டவன் நான். (சிரிப்பு) தன்வந்திரி, க்ஷபணகர், அமரசிம்மர், சங்கு, வேதாளபட்டர், கடகர்ப்பரர், காளிதாசர், வராகமிகிரர், வரருசி. தூக்கத்திலே எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பக்கத்திலேயே, “இரண்டாம் சந்திரகுப்த விக்கிரமாதித்தர் அவையிலே இருந்தவர்கள்”னும் எழுதுவேன். அஞ்சு மார்க் கேள்வி.

ஒரு நாள் பத்தாம் வகுப்பிலே ஒரு பையன் எழுந்தான். “சார், சந்திரகுப்தர் 415-லே போயிட்டார்னு போன வாரம் சொன்னீங்க. வராகமிகிரர் 505-ஐ வச்சுக் கணக்குப் போட்டார்னு கணக்கு சார் சொன்னாரே. அப்போ இவர் சபையிலே அவர் எப்படி சார்?” அப்படீன்னான். நான் என்ன செஞ்சிருக்கணும்? “தெரியலைடா, பார்த்துச் சொல்றேன்”னு சொல்லியிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? “மார்க் வேணுமா, வேண்டாமா? எழுதுடா”ன்னேன். பையன் உட்கார்ந்துட்டான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுதினான். அந்தக் குனிஞ்ச தலை இருக்கே, அது என்னை விடலை நடுவர் அவர்களே. இன்னிக்கு இந்த மேடையிலே நான் பேசுறது அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

சரி, இந்த ஒன்பது பேர் பட்டியல் எங்கே இருந்து வந்தது? தேடிப் பார்த்தேன். கல்லிலே இல்லை, செப்பேட்டிலே இல்லை, காளிதாசரின் காவியங்களிலும் நாடகங்களிலும் இல்லை. அது இருக்கிற இடம் ஒரு ஜோசிய நூல். ‘ஜ்யோதிர்விதாபரணம்’னு பேர். சோதிடம் அறிந்தவனுக்கு ஆபரணம்னு அர்த்தம். எந்த நாளிலே கல்யாணம் வைக்கலாம், எந்த நேரத்திலே பயணம் கிளம்பலாம்னு முகூர்த்தம் சொல்லுகிற சமஸ்கிருத நூல். அதோட கடைசி அத்தியாயம், இருபத்திரண்டாவது. அங்கே ஆசிரியர் ஜோசியத்தைச் சுருட்டி வச்சுட்டு ராஜா கதைக்கு வந்துடறார். “நான்தான் காளிதாசன். விக்கிரமனுடைய சபையிலே இருக்கேன். கூட இருக்கிறவங்க இன்னார் இன்னார்”னு பட்டியல் போடறார். போட்டுட்டுத் தேதியும் கொடுக்கறார். கலி 3068. நம்ம கணக்குக்குக் கி.மு. 34 வாக்கிலே வரும்.

தேதி கொடுத்துட்டாரேய்யா, இதுக்கு மேலே என்ன வேணும்னு எதிரணி கேட்கும். கேளுங்க. தேதி கொடுத்ததுதான் அவர் செஞ்ச தப்பு! (சிரிப்பு)

அதுக்கு முன்னாலே அந்த நூல் ராஜாவை எப்படி வர்ணிக்குதுன்னு பார்த்துடுவோம். ராஜாவின் பாசறை பதினெட்டு யோசனை நீளமாம். ஒரு யோசனைக்கு எட்டு மைல்னு வச்சாலும் 144 மைல். சங்கரன்கோவில்லே முதல் கூடாரம் அடிச்சா, கடைசிக் கூடாரம் மதுரையைத் தாண்டித் திருச்சியை எட்டிப் பார்க்கும். காலாட்படை மூன்று கோடி. குதிரை எத்தனைன்னு நினைக்கிறீங்க? பதினாயிரத்தைப் பதினாயிரத்தாலே பெருக்கிக்கோன்னு சொல்றார். பத்துக் கோடி! 2011 கணக்கெடுப்பிலே நம்ம தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். ஆளுக்கு ஒரு குதிரை கொடுத்தாலும் ரெண்டே முக்கால் கோடிக் குதிரை மிச்சம் நிக்கும். (சிரிப்பு) ஒரு குதிரைக்கு நாளைக்குப் பத்துக் கிலோ தீவனம்னு போடுங்க. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டன். பத்து டன் லாரியிலே தினமும் ஒரு லட்சம் லோடு வரணும். விக்கிரமாதித்தன் சண்டைக்கு எங்கே போறது? வைக்கோல் இறக்கவே நேரம் சரியாப் போயிடும்! (சிரிப்பு, கைத்தட்டல்)

யானைக் கணக்கு இன்னும் ருசி. யானை இத்தனைன்னு நேராச் சொல்லலை. தொண்ணூறைத் தொண்ணூறாலே பெருக்கி, அதை மூணாலே பெருக்குன்னு சொல்றார். போட்டுப் பார்த்தேன், 24,300. கணக்கு வாத்தியார் கவிதை எழுதினா இப்படித்தான் இருக்கும். அப்புறம் படகு, நாலு லட்சம். உஜ்ஜயினி எங்கே இருக்கு? நாட்டுக்கு நடுவிலே. ஷிப்ரான்னு ஒரு ஆறு ஓடுது. அந்த ஆத்திலே நாலு லட்சம் படகு விட்டா, தண்ணி தெரியாது, மரம்தான் தெரியும்.

இதிலே ஒரு வரி, ரூம தேசத்துச் சக அரசனைப் பிடிச்சு வந்து, உஜ்ஜயினித் தெருவிலே ஊர்வலம் விட்டு, அப்புறம் விடுதலை பண்ணினான்னு சொல்லுது. இதைச் சிலபேர் என்ன செஞ்சாங்க? ரூமன்னா ரோம். ரோம்னா ஜூலியஸ் சீசர். ஆகவே சீசரைப் பிடிச்சு வந்தது நம்ம விக்கிரமாதித்தன்னு எழுதிட்டாங்க! சீசர் கி.மு. 44-லே ரோமாபுரியிலே சொந்த ஜனங்க கையாலே குத்துப்பட்டுச் செத்ததை அந்த ஊர் வரலாறு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கு. நடுவிலே உஜ்ஜயினிக்கு வந்து ஊர்வலம் போய்ட்டு எப்போய்யா திரும்பினார்? இந்தக் கதையைச் சொல்லி நாம பெருமைப்பட்டா, வெளியிலே இருக்கிறவன் நம்ம உண்மையான பெருமையையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவான்.

சரி, உயர்வு நவிற்சி காவியத்துக்கு அழகுன்னு விட்டுடலாம். கம்பனும் கோடிக்கணக்கிலே குரங்கை நிறுத்தியிருக்கான், நாம சண்டைக்குப் போகலை. ஆனா கம்பன் ஜோசியக் கணக்குப் போட்டு நம்மகிட்டே தேதி நீட்டலை. இவர் நீட்டறார்.

அதே நூல், முதல் அத்தியாயம். அங்கே அயனாம்சம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றார். இங்கே பஞ்சாங்கம் பார்க்கத் தெரிஞ்ச பெரியவங்க இருக்கீங்க, உங்களுக்கு விளங்கும். சக வருஷத்தை எடுத்துக்கோ. அதிலே 445-ஐக் கழி. மிச்சத்தை 60-ஆலே வகுன்னு சொல்றார். சக வருஷம் எப்போ ஆரம்பிச்சது? கி.பி. 78-லே. அதிலே 445-ன்னா கி.பி. 523. நான் கி.மு. 34-லே உட்கார்ந்து எழுதறேன்னு கடைசி அத்தியாயத்திலே சொல்ற மனுஷன், முதல் அத்தியாயத்திலே கி.பி. 523-ஐக் கழிக்கச் சொல்றார்! தாத்தா கல்யாணப் பத்திரிகையிலே பேரனோட செல்போன் நம்பர் அச்சடிச்ச மாதிரி இருக்கு. (பலத்த கைத்தட்டல்)

ஆராய்ச்சியாளர்கள் இதை எப்பவோ பிடிச்சுட்டாங்க. வா.வி. மிராசி, இதிலே இருக்கிற இலக்கணப் பிழையைக் காட்டி இது காளிதாசர் எழுத்தே இல்லைன்னு சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டுன்னு வச்சார். வேறு சிலர் பதினாறாம் நூற்றாண்டு வரைக்கும் இறக்கினாங்க. தி.ச. சர்க்கார் என்கிற பெரிய கல்வெட்டு அறிஞர், இந்த நவரத்தினக் கதை சரித்திரத்துக்குச் சல்லிக்காசு பெறாதுன்னு தள்ளிட்டார்.

அப்போ எழுதினவர் ஏமாத்துக்காரரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம்ம ஊர்லேயும் நடக்கிறதுதானே? பிற்காலத்திலே யாரோ ஒரு வைத்தியர் நல்ல மருந்து முறை எழுதறார். தன் பேரைப் போட்டா எவன் வாங்குவான்? அகத்தியர் சொன்னதுன்னு போட்டுடுவார். அதே மாதிரிதான் இதுவும். முகூர்த்த நூல் எழுதியாச்சு. அதுக்கு ஒரு முத்திரை வேணும். காளிதாசர் பேரு முத்திரை. பக்கத்து நாற்காலியிலே வராகமிகிரர் உட்கார்ந்திருந்தா, ஜோசியத்துக்கு அதைவிடச் சாட்சி உண்டா? ராஜா எவ்வளவு பெரியவனோ, நூல் அவ்வளவு நம்பிக்கையானது. அதனாலேதான் அத்தனை குதிரை. அந்தப் பத்துக் கோடிக் குதிரையும் ராஜாவுக்காக வரலைங்க, புத்தகத்துக்காக வந்தது.

இதனாலே யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்பீங்க. எங்க அக்காவுக்கு நஷ்டம். நல்ல வரன் வந்தது. ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சுப் போச்சு. ஒரு ஜோசியர் வந்தார். ஊர் பேர் வேண்டாம். ஏதோ பொருத்தம் சரியில்லைன்னார். எங்க அப்பா, “இது யார் சொன்ன விதி சாமி?”ன்னு பணிவாத்தான் கேட்டார். “விக்கிரமாதித்த மகாராஜா சபையிலே காளிதாசரும் வராகமிகிரரும் உட்கார்ந்து எழுதினது. நீ என்ன அவங்களுக்கு மேலா?”ன்னு ஒரு அதட்டு. அப்பா வாயை மூடிக்கிட்டார். வரன் போச்சு. அக்காவுக்கு அப்புறம் ஆறு வருஷம் கழிச்சுத்தான் கல்யாணம் ஆச்சு. ஜோசியம் மெய்யா பொய்யான்னு நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரலை, அது இன்னிக்குத் தலைப்பும் இல்லை. ஒரு கேள்வியை அடைக்க ஒரு ராஜாவைக் கூட்டிக்கிட்டு வந்தாங்களே, அதைச் சொல்றேன். நானும் வகுப்பிலே அதே வேலையைத்தானே செஞ்சேன்?

இப்போ உண்மையான வராகமிகிரர்கிட்டே போவோம். அவர் கெட்டிக்காரர். ‘பஞ்ச சித்தாந்திகை’யிலே அவர் கணக்குக்குத் தொடக்கமா எடுத்துக்கிட்ட வருஷம் சகம் 427, அதாவது கி.பி. 505. அவர் அவந்தி தேசத்துக்காரர். உஜ்ஜயினி இருக்கிற அதே நாடு. அவரோட ‘பிருகத் சம்ஹிதை’ எவ்வளவு பெரிய நூல்! மழை, பூகம்பம், வீடு கட்டுறது, ரத்தினப் பரீட்சை, எல்லாம் இருக்கு. அதிலே சகுனம் பற்றிப் பேசும்போது அவந்தி மன்னன் ஒருத்தன் பேரைச் சொல்றார். மகாராஜாதிராஜன்னும் சொல்றார். பேர் என்ன? விக்கிரமாதித்தனா? இல்லை. திரவியவர்த்தனன்! இந்தப் பேரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க? ஒருத்தர் கையும் தூக்கலை. நிஜ ஜோசியர் நிஜமாச் சொன்ன ராஜாவை நமக்குத் தெரியாது. பின்னாலே வந்த ஒருத்தர் ஜோடிச்சுச் சொன்ன சபை நமக்கு மனப்பாடம்.

“ஐயா, நீங்களும் ஏட்டைத்தானே மேற்கோள் காட்டறீங்க?”ன்னு எதிரணித் தலைவர் சிரிக்கிறார். சிரிங்க. கல்லுக்கு வர்றேன்.

நாட்டிலே விக்கிரம சகாப்தம்னு ஒண்ணு ஓடுது. கி.மு. 57-லே தொடங்கறது. சகரை ஜெயிச்ச விக்கிரமாதித்தன் ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க. சரி, அந்த ஆண்டைப் போட்ட பழைய கல்வெட்டுகளைப் பார்ப்போம். பழசு எல்லாம் ‘கிருத’ ஆண்டுன்னு சொல்லுது. அடுத்தாப்லே வர்றது ‘மாளவ’ ஆண்டுன்னு சொல்லுது. விக்கிரமன் பேரோட அந்த ஆண்டு தோல்பூர்க் கல்வெட்டிலே வருது. 898-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 842. சகாப்தம் தொடங்கிக் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் வருஷம் கழிச்சு! அத்தனை காலம் ராஜா எங்கேய்யா போயிருந்தார்? காடாறு மாசம், நாடாறு மாசம்னு கதையிலே வரும். இது காடு தொள்ளாயிரம் வருஷமால்லே இருக்கு! (சிரிப்பு)

இந்த ஊர்லே நின்னுக்கிட்டு ஒரு கல்லை மட்டும் நான் சொல்லாமப் போகக் கூடாது. மந்தசோர்னு ஒரு ஊர், மாளவத்திலே. அங்கே ஒரு கல்வெட்டு. வெட்டி வச்சது யாரு? ராஜா இல்லை. நெசவாளர்கள். பட்டு நெசவாளர் சங்கம்! குஜராத்துப் பக்கம் லாட தேசத்திலே இருந்து பிழைப்புக்குக் குடிபெயர்ந்து வந்தவங்க. தறி ஓட்டிச் சம்பாதிச்ச காசிலே சூரியனுக்குக் கோயில் கட்டினாங்க. மாளவ ஆண்டு 493, கி.பி. 436-லே. அப்புறம் கோயிலுக்குச் சேதம் வந்தது. 529-லே, அதாவது கி.பி. 473-லே, திரும்ப எடுத்துக் கட்டினாங்க. வத்சபட்டின்னு ஒரு கவிஞரை வச்சு வரலாற்றைப் பாட்டா எழுதச் சொல்லிக் கல்லிலே பொறிச்சாங்க. தங்க பட்டுப் புடைவையோட பெருமையையும் அதிலே சேர்த்துக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க இல்லையா! (கைத்தட்டல்) அந்தக் கல்லிலே குமாரகுப்தன் பேர் இருக்கு. உள்ளூர்த் தலைவன் பேர் இருக்கு. ஆண்டு மாளவருடையதுன்னு இருக்கு. சகாப்தத்தை உண்டாக்கின விக்கிரமாதித்தன்னு ஒரு எழுத்து இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாங்களா?

விக்கிரமாதித்தன்னு பட்டம் வச்சுக்கிட்ட நிஜ ராஜா உண்டு. இரண்டாம் சந்திரகுப்தன். மேற்கே சக சத்திரபர்களை ஒழிச்சவன். காசிலே ‘விக்கிரம’ன்னு போட்டுக்கிட்டவன். அவனாவது விக்கிரம சகாப்தத்தைப் பயன்படுத்தினானா? அவன் காலத்துக் கல்வெட்டு, மதுராவிலே 61, உதயகிரியிலே 82, சாஞ்சியிலே 93. எல்லாம் குப்த ஆண்டு. விக்கிரமாதித்தனே விக்கிரம சகாப்தம் எழுதலை! அவன் பேரும், சகரை ஜெயிச்ச பெருமையும், மாளவ தேசத்துப் பழைய ஆண்டுக் கணக்கும் ஒண்ணாச் சேர்ந்து, காலப்போக்கிலே ஒரு பெரிய ராஜா உருவாயிட்டான்னு பல அறிஞர்கள் கருதறாங்க. எனக்கும் அதுதான் சரியாப் படுது.

அதுக்கப்புறம் அந்தப் பட்டத்துக்கு வந்த கிராக்கி இருக்கே! சாளுக்கியரிலே இரண்டாம் விக்கிரமாதித்தன், எட்டாம் நூற்றாண்டிலே காஞ்சிபுரத்தைப் பிடிச்சான். கைலாசநாதர் கோயில் சொத்தைத் தொடாம, இருந்ததையும் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தேன்னு அந்தக் கோயில் தூணிலேயே கன்னடத்திலே வெட்டி வச்சிருக்கான். இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம். பத்துக் கோடிக் குதிரை வச்சிருந்த விக்கிரமாதித்தனைவிட இந்த ஒருத்தன் எனக்குப் பெரியவனாத் தெரியறான். நமக்குத் தெக்கே ஆய் நாட்டிலேயும் விக்கிரமாதித்த வரகுணன்னு ஒருத்தன் இருந்தான். பாலியம் செப்பேடு அவனுடையது, பௌத்தப் பள்ளிக்கு நிலம் விட்டதைச் சொல்றது.

நேரம் ஆகுதுன்னு நடுவர் மணியைத் தொடறார். ஒரே ஒரு விஷயம் ஐயா. நம்ம மண்ணு.

இந்தக் கோயில் கதை உங்களுக்குத் தெரியும். உக்கிரன்கோட்டையிலே இருந்து உக்கிர பாண்டியன் யானையிலே வந்தார், யானை படுத்துக்கிச்சு, புத்தைக் கண்டாங்க, சங்கரலிங்கம் கிடைச்சது. அந்தப் புத்து மண்ணைத்தான் நாம நெத்தியிலே பூசுறோம். தலபுராணம் அது. நான் தேதி கேட்க மாட்டேன், ஏன்னா அது எனக்குத் தேதி சொல்லி நம்பச் சொல்லலை. ஆனா உக்கிரன்கோட்டை நிஜமான ஊர். மானூர் வட்டாரத்திலே இருக்கு. பழைய பேர் கரவந்தபுரம், களக்குடின்னும் சொல்லுவாங்க. அந்த ஊர்க்காரர் ஒருத்தர், மாறன்காரின்னு பேர், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனுக்கு மந்திரி. மதுரை ஆனைமலையிலே நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்தார். அங்கே கிரந்தத்திலே ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு, வட்டெழுத்திலே ஒரு தமிழ்க் கல்வெட்டு. சமஸ்கிருதக் கல்லிலே ஆண்டு இருக்கு. என்ன ஆண்டு தெரியுமா? அதுவும் கலி! கலி 3871. கி.பி. 770.

ஏட்டிலே ஒரு கலி, 3068. கல்லிலே ஒரு கலி, 3871. முன்னது, உள்ளே இருக்கிற சக 445-ஓட மோதி உடைஞ்சு போச்சு. பின்னதை வச்சுத்தான் அந்தப் பாண்டியன் காலத்தையே கணிக்கறாங்க.

தமிழ்க் கல்லு என்ன சொல்லுது? கோயிலை எடுத்த மாறன்காரி, குடமுழுக்குத் தண்ணி தெளிக்கும் முன்னாலேயே காலமாயிட்டார். பின்னாலே மந்திரியான அவர் தம்பி மாறன் எயினன், முன்மண்டபம் செஞ்சு தண்ணி தெளிச்சு முடிச்சார்னு சொல்லுது. யோசிச்சுப் பாருங்க. அண்ணன் செத்துப் போயிட்டார், தம்பி கையிலே அதிகாரம் இருக்கு. எல்லாம் நான்தான் செஞ்சேன்னு வெட்டியிருக்கலாம். இல்லே, அண்ணனே முடிச்சார்னு பெருமையா வெட்டியிருக்கலாம். ரெண்டும் செய்யலை. அண்ணன் பாதியிலே போனதை அப்படியே எழுதி வச்சார். நாலு லட்சம் படகு இல்லை, ஒன்பது ரத்தினம் இல்லை. ரெண்டு பேர், ஒரு கோயில்.

கல்லும் பொய் சொல்லும்னு அடுத்து எழுந்து சொல்லப் போறீங்க, தெரியும். மெய்க்கீர்த்தியிலே ராஜாக்கள் அடிச்ச ஜம்பத்தை நானும் படிச்சிருக்கேன். ஒத்துக்கறேன். ஆனா கல்லிலே இருக்கிற பொய், சொன்னவன் பேரோடயும் ஊரோடயும் சொன்ன காலத்தோடயும் நின்ன இடத்திலே நிக்கும். பிடிச்சுக்கலாம். ஏட்டிலே இருக்கிற பொய், காளிதாசர் பேரைப் போட்டுக்கிட்டு எங்க அக்கா கல்யாணத்துக்கு வந்துடுது.

அந்தப் பையன் இப்போ எங்கே இருக்கானோ தெரியலை. இந்த நிகழ்ச்சியை எந்த ஊர்லேயாவது டி.வி.யிலே பார்த்தான்னா... தம்பி, நீ கேட்டது சரி. வராகமிகிரர் அந்தச் சபையிலே இல்லைடா. நோட்டிலே அடிச்சுடு.

(கைத்தட்டல்)